ஒரு வாக்கியமும் 26 லட்சம் டாலரும்

அமெரிக்க பட்ஜெட் சட்டத்தைப் புரட்டுகையில் அந்த ஒற்றை வாக்கியம் இன்று மறுபடி கண்ணில் பட்டது. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, தன் நிதியைத் 'துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ' செலவிடக் கூடாதாம்.

1996-ல் நுழைந்த வாக்கியம். கொண்டுவந்தவர் ஆர்கன்சாஸ் எம்.பி. ஜே டிக்கி.

நன்றாகப் படியுங்கள். துப்பாக்கிக் காயங்களை ஆய்வு செய்யாதே என்று எங்கும் இல்லை.

ஆனால் அதே கையோடு சிடிசியிடமிருந்து 26 லட்சம் டாலரை எடுத்து, மூளைக் காய ஆய்வுக்கு ஒதுக்கினார்கள். துப்பாக்கிக் காய ஆய்வுக்கு முந்தைய ஆண்டு செலவானதும் சரியாக அதே தொகை!

அதிகாரிகளுக்குப் புரியாதா என்ன?

எது 'ஊக்குவிப்பு' என்று யாரும் வரையறுக்கவில்லை. ஒரு ஆய்வின் முடிவையே அப்படிச் சொல்லிவிடலாம் என்ற பயத்தில் நிதி வற்றியது. நிதி இல்லாத துறைக்கு இளம் ஆய்வாளர்கள் வருவார்களா?

ஆய்வுக்கு வேண்டிய தரவும் மெதுவாகத்தான் வந்தது. இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, போலீஸ் அறிக்கை மூன்றையும் இணைத்தால்தான் ஒரு மரணம் எப்படி நடந்தது என்பது தெரியும். அதற்கான பதிவு முறை 2002-ல் 6 மாநிலங்களோடு தொடங்கியது. 50 மாநிலங்களையும் எட்ட 2018 ஆனது.

அதே 2018-ல்தான் 'ஆய்வு செய்யலாம்' என்று நாடாளுமன்றம் விளக்கம் தந்தது. பணம் தரவில்லை. 2020 நிதியாண்டில்தான் 2.5 கோடி டாலர் வந்தது. சிடிசிக்குப் பாதி, தேசிய சுகாதார நிறுவனங்களுக்குப் பாதி.

டிக்கியே 2012-ல் மனம் மாறி, ஆய்வு தேவை என்று எழுதினார். எதிர்முகாமில் இருந்த முன்னாள் சிடிசி அதிகாரி மார்க் ரோசன்பெர்க்கோடு சேர்ந்து.