கோபாட் லாக்ல வராத நேரம்

எங்க பிளான்ட்ல (ஒரகடம் பக்கம், ஆட்டோ பார்ட்ஸ், பேரு வேணாம்) வாட்டர் பம்ப் அசெம்பிளி லைன்ல கோபாட் (ஆளுக்குப் பக்கத்துலயே நின்னு வேலை செய்யிற ரோபோ கை) போட்டு ஓட ஆரம்பிச்சதும் மேல இருந்து வந்த முதல் கேள்வி, "ஆளும் ரோபோவும் எவ்ளோ ஸ்மூத்தா வேலை பார்க்குது, ஒரு நம்பர் குடுங்க". ஓஇஇ (மெஷின் எவ்ளோ பயனா ஓடுதுங்கிற சதவீதம்) இருக்கு, சைக்கிள் டைம் (ஒரு பீஸுக்கு ஆகுற நேரம்) இருக்கு, ரிஜெக்ஷன் இருக்கு, அதெல்லாம் தினமும் போர்டுல எழுதுறதுதான். ஆனா அவங்க கேட்டது அது இல்லயே. பிஎல்சி (லைனை ஓட்டுற கன்ட்ரோலர்) லாக்ல எவ்ளோ தேடினாலும் "ஸ்மூத்"னு ஒரு டேக் கிடையாது. ஆட்டோமேஷன்ல இருக்கிறதால அந்த வேலை என் தலையில விழுந்துச்சு.

தேடிப் பார்த்தா இதுக்குன்னே ஆராய்ச்சி நடந்திருக்கு. கார்னெல் யுனிவர்சிட்டியில இருக்குற கை ஹாஃப்மன் (Guy Hoffman)ங்கிறவர் 2019-ல ஒரு பேப்பர் போட்டிருக்கார், நாலு அளவு சொல்றார். ஆள் சும்மா நிக்கிற நேரம், ரோபோ சும்மா நிக்கிற நேரம், ரெண்டும் ஒரே சமயத்துல வேலை செய்யிற நேரம், அப்புறம் ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கிறதுக்கு நடுவுல விழுற கேப். இந்தக் கடைசி அளவு மைனஸ்ல கூட போகலாம். சைட்ல செங்கல் கை மாத்துவாங்களே, கீழ இருக்கிறவர் தூக்கி விடுறதுக்கு முன்னாடியே மேல இருக்கிறவர் கை நீட்டியிருக்கும், அந்த மாதிரி ரெண்டு பேர் வேலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா கேப் மைனஸ். ரொம்ப நல்லா ஓடுற ஜோடியில அப்படித்தான் வரும்.

இதுல ரோபோ பக்கம் ஈஸி, லாக்ல இருந்து எடுத்துடலாம். ஆள் பக்கம்தான் தலைவலி, ஏன்னா லைன்ல வேலை பார்க்குற அக்காவோட கை எப்ப ஃப்ரீயா இருக்குன்னு எந்த சென்சாரும் சொல்லாது. வீடியோ எடுத்து உக்காந்து பார்த்து எங்க வேலை, எங்க காத்திருப்புன்னு கையால மார்க் பண்ணணும். லைன்ல ட்ரைபாட் வச்ச உடனே எல்லாருக்கும் சந்தேகம், "என்ன சார், மறுபடி டைம் ஸ்டடியா, டார்கெட் ஏத்தப் போறீங்களா"ன்னு. அவங்க பயம் நியாயமானதுதான். ஸ்டாப்வாட்ச் வந்த இடத்துல டார்கெட் குறைஞ்சதா யாருக்கும் ஞாபகம் இல்ல. முகம் தெரியாம கையும் ஃபிக்ஸ்சரும் (பார்ட்டைப் புடிச்சு வைக்கிற தாங்கி) மட்டும் தெரியிற மாதிரி மேல இருந்து எடுக்குறேன்னு காமிச்சப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க.

வேலை என்னன்னா, அக்கா ஹவுசிங்கை (பம்போட வெளிக்கூடு) ஃபிக்ஸ்சர்ல வச்சு கேஸ்கட் போட்டு கவரை உக்கார வைப்பாங்க, கோபாட் நட் ரன்னரோட வந்து ஸ்க்ரூ எல்லாம் டைட் பண்ணிட்டு போகும், அதுக்குள்ள அவங்க பக்கத்து ஃபிக்ஸ்சர்ல அடுத்ததை ரெடி பண்ணணும். லாக்ல பார்த்தா பிரமாதம், ரோபோ நிக்கவே இல்ல. வீடியோவுல வேற கதை. அக்கா கவரை இடது கையில புடிச்சுக்கிட்டு உடம்பை பின்னாடி சாய்ச்சு, மஞ்சக் கோட்டுக்கு வெளிய கால வச்சுக்கிட்டு, கையை மட்டும் எட்டி நீட்டி வைக்கிறாங்க. ஏன்னா கால் கோட்டைத் தாண்டினா தரையில இருக்குற ஏரியா ஸ்கேனர் புடிச்சுடும், ஆர்ம் உடனே ஸ்லோ ஆகிடும், சைக்கிள் லேட்டாகும், ஷிப்ட் இன்சார்ஜ் வந்து நிப்பாரு. யாரும் சொல்லித்தரல, ஒவ்வொருத்தரா பார்த்து பார்த்து மூணு ஷிப்டும் அப்படித்தான் நின்னுட்டு இருந்தாங்க.

கோபாட்னா வேலியே வேணாம்னு விக்கிறவங்க சொல்லுவாங்க, பாதி உண்மை. ஆர்ம் மெதுவா மோதினா தாங்கிக்கலாம், எவ்ளோ விசை வரைக்கும்னு 2016-ல வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066ங்கிற கோபாட் சேஃப்டி ஸ்டாண்டர்ட்ல உடம்பு பாகம் வாரியா டேபிள் இருக்கு. ஆனா முனையில ஸ்க்ரூ பிட் இருக்கே, அது கூரானது, அதை வேகமா ஆட்டணும்னா ஆள் தள்ளி இருக்கணும். தள்ளின்னா எவ்ளோ தள்ளிங்கிறதுல ஆர்ம் நிக்க எடுத்துக்குற நேரமும் வரும், ஆள் நடந்து வர்ற வேகமும் வரும், ஐஎஸ்ஓ 13855ங்கிற இன்னொரு ஸ்டாண்டர்ட் அதை செகண்டுக்கு 1.6 மீட்டர்னு வச்சுக்குது. அதனால கோடு ஃபிக்ஸ்சரை விட்டு நல்லா தள்ளி விழுந்திருக்கு. சேஃப்டி கணக்கு சரிதான், ஆனா வேலை செய்யிற இடம் கோட்டுக்கு உள்ள மாட்டிக்கிச்சு.

அப்போ ரோபோ சும்மா நிக்கிற நேரம் கம்மியா இருந்ததுக்குக் காரணம் ஒரு மனுஷியோட இடுப்பு. இது எந்த டேஷ்போர்டுலயும் வராது. ஃபார்ம் குடுத்து கேட்டாலும் வரல, நாசா டிஎல்எக்ஸ் (வேலை எவ்ளோ பாரமா இருக்குன்னு செய்யிறவங்களையே கேக்குற ஃபார்ம்) மாதிரி ஒரு ஷீட் போட்டு உடம்பு சிரமம், அவசரம், எரிச்சல்னு மார்க் போடச் சொன்னோம். சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கிறப்போ எல்லாரும் ரொம்ப நல்லா இருக்குன்னு டிக் அடிச்சாங்க. கேன்டீன்ல டீ குடிக்கிறப்போ அதே அக்கா சொன்னது, "தம்பி, அது வேகமா வர்றது பிரச்சனை இல்ல, எப்ப வேகமா வரும் எப்ப மெதுவா வரும்னு தெரியலயே, அதான் கைய வைக்கவே பயமா இருக்கு". எனக்கு நாலு அளவையும் விட இந்த ஒரு வரிதான் உபயோகமா இருந்துச்சு. சராசரி கேப் நல்லாத்தான் இருந்துச்சு, ஒவ்வொரு சைக்கிளா எடுத்துப் பார்த்தா ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசு, தாறுமாறா ஆடுது.

ஃபிக்ஸ்சரை ஆபரேட்டர் பக்கமா நகர்த்தி, ஆர்ம் அவங்க தலைக்கு நேரா வராம பக்கவாட்டுல திரும்புற மாதிரி பாத் மாத்தி, டாப் ஸ்பீடையும் கொஞ்சம் குறைச்சோம். சைக்கிள் டைம் பெருசா மாறல, ஸ்கேனர் ட்ரிப் ஆகுறதுதான் நின்னுச்சு. இப்போ நேரா நிக்கிறாங்க. ரோபோ முன்ன விட கொஞ்சம் அதிகமா காத்திருக்கு, அதுக்கு ஒண்ணும் வலிக்கப் போறதில்ல.

ரிப்போர்ட் குடுத்தேன். ப்ரொடக்ஷன் மேனேஜர் வேற எதையும் பார்க்கல, "ஆள் சும்மா நிக்கிற நேரம்"னு இருந்த கட்டத்துல விரல வச்சு, "அப்போ இந்த கேப்ல பேக்கிங்கையும் அவங்ககிட்டயே குடுக்கலாமே"ன்னார். அந்த சில செகண்ட்லதான் கேஸ்கட் சரியா உக்காந்துச்சான்னு திருப்பிப் பார்க்குறாங்க, தண்ணி குடிக்கிறாங்க, அதைப் புடுங்கினா லீக் டெஸ்ட்ல தெரியும்னு சொல்லிப் பார்த்தேன். பாதிதான் ஒத்துக்கிட்டார். அதுல இருந்து அந்த நம்பரை ஆள் வாரியா குடுக்குறது இல்ல, ஸ்டேஷன் வாரியாத்தான், அதுவும் பக்கத்துலயே கேப் எவ்ளோ ஆடுதுங்கிற சார்ட்டோட. அவர் இன்னமும் பேக்கிங் டேபிளைப் பத்தி கேட்டுக்கிட்டேதான் இருக்கார்.