எச்சிலால் இழந்த இரண்டு நாட்கள்

அப்பாவுக்குக் காய்ச்சலும் இருமலும் தொடங்கிய மறுநாளே தெருமுனை மருந்துக்கடையில் செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாட்கள் கொடுத்தவன் நான்தான். 2014 முதல் கட்டுப்பாட்டுடன் விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 அட்டவணையில் உள்ள அம்மருந்தைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறித்தும் வைக்க வேண்டும். கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. அட்டையில் சிவப்புக் கட்டமிட்டு அச்சிட்டிருந்த எச்சரிக்கையை நானும் படிக்கவில்லை.

நான்காம் நாள் மூச்சிரைப்போடு மருத்துவமனையில் சேர்த்தோம். எக்ஸ்ரேயில் நிமோனியா என்று தெரிந்தது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கினார்கள். அதுவரை சிக்கலில்லை. சளி கல்ச்சருக்கு, அதாவது சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, மாதிரி எடுக்க வந்த பணியாளர், டப்பாவை நீட்டி "துப்பிக் கொடுங்க" என்றதோடு போய்விட்டார். தேநீர் குடித்த வாயோடு அப்பா துப்பியது வெறும் எச்சில். நுண்ணோக்கியில் வாயின் உட்தோல் செல்களே நிறைந்திருந்ததால் ஆய்வகம் அதை நிராகரித்தது. அந்தச் செய்தி எங்களை எட்டியபோது சனிக்கிழமை மாலை. ஞாயிற்றுக்கிழமை மாதிரி வாங்க ஆளில்லை.

திங்கட்கிழமை விடியற்காலையில், எதுவும் உண்பதற்கு முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கச் சொல்லி, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்த சளியை நானே ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடினேன். இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ப்பது முக்கியம் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

புதன்கிழமை கவுன்டரில் "சிஸ்டத்தில் ஏறலை, நாளைக்கு வாங்க" என்றார்கள். நல்லவேளையாக நான் திரும்பாமல் மாடியேறி நுண்ணுயிரியல் மருத்துவரையே கேட்டேன். முடிவு காலையிலேயே தயாராகி, தட்டச்சுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது! வளர்ந்தது கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் இரண்டுக்கும் நேராக 'ஆர்', அதாவது அவை கேட்காது. ஆன்டிபயாடிக் தொடங்கிய பின் எடுக்கும் மாதிரியில் கிருமி வளராமல் போவதுண்டு. நாங்கள் கொடுத்த மருந்துகளுக்கு அது மசியவே இல்லை என்பதால்தான் அகப்பட்டது என்று அவர் சொன்னபோது, நிம்மதியடைவதா அஞ்சுவதா என்று எனக்கு விளங்கவில்லை.

அன்று மாலையே எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மெரோபெனெம் என்ற வேறு ஆன்டிபயாடிக் ஊசிக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் அந்த ஊசியின் வரிகளே பாதிப் பக்கம். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டும் என்று, அந்தக் கல்ச்சர் அறிக்கையின் நகலை அப்பாவின் சர்க்கரை நோய்க் கோப்பில் மேல் தாளாகச் செருகி வைத்திருக்கிறேன்.