டிஸ்கஸ் மீனுக்கும் வயிற்றுப் பூச்சி வரும்

கொளத்தூரில் ஆறு டிஸ்கஸ் வாங்கி, தெர்மகோல் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். நான்கு ரெட் டர்க்காய்ஸ் ரகம், இரண்டு பிஜியன் ப்ளட் ரகம். எல்லாம் 3 அங்குலக் குட்டிகள். 4 அடித் தொட்டியில் 220 லிட்டர் தண்ணீர், ஹீட்டர் 30 டிகிரியில். முதல் இரண்டு மாதம் நான் தொட்டிப் பக்கம் போனாலே கண்ணாடியில் வந்து முட்டும். சீக்கிரம் பெரிதாக வளர வேண்டும் என்று தினமும் உயிருள்ள ட்யூபிஃபெக்ஸ் புழு போட்டேன். அது எந்தச் சாக்கடையில் அள்ளியது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மூன்றாம் மாதம் ஒரு டர்க்காய்ஸ் மட்டும் ஒதுங்க ஆரம்பித்தது. இரை போட்டால் வரும், வாயில் வாங்கும், மென்று துப்பிவிடும். உடம்பு கறுத்து, செங்குத்துக் கோடுகள் எப்போதும் தெரிந்தன. பிஜியன் ப்ளட்டுக்கு அந்தக் கோடுகளே கிடையாது என்பதால் அவற்றின் நிலைமையைக் கோடுகளை வைத்துச் சொல்ல முடியாது. நான் அவை நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் டர்க்காய்ஸின் கண்ணுக்கு மேலே நெற்றி குழிந்தது. எதிரில் நின்று பார்த்தால் முதுகு கத்தி விளிம்பு மாதிரி. வால் பக்கத்தில் வெள்ளையாக, கண்ணாடி போல, ஒரு நூல் தொங்கும், அறுந்து விழாது.

வெள்ளை மலம் என்றால் ஹெக்ஸாமிட்டா, அதாவது குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. டிஸ்கஸ் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் வருகிற பதில் அது. நானும் யாரையும் கேட்காமலே அந்த முடிவுக்கு வந்து அதற்கான மருந்து மெட்ரோனிடசோல் வாங்கினேன். 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் கணக்கில், 400 மில்லிகிராம் மாத்திரை மூன்றரையைப் பொடித்துக் கரைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள், பாதித் தண்ணீர் மாற்றி மாற்றி, ஒரு வாரம். நடுவில் இரண்டு நாள் கொஞ்சம் தின்றது, அப்புறம் பழைய கதை. விடாமல் இன்னொரு சுற்றும் ஓட்டினேன். அது முடிவதற்குள் இன்னொரு டர்க்காய்ஸும் கறுத்துவிட்டது. நூல் தொங்கவிட்ட முதல் மீன் ஒரு காலையில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மேல் உயிரில்லாமல் சாய்ந்து கிடந்தது.

பட்டினி கிடக்கிற மீனுக்கும் குடலின் சளி மட்டும் வெள்ளையாக வெளியே வரும், பூச்சி இருந்தாலும் அப்படித்தான் வரும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருக்கிறார். ஆடு, மாடு, நாய், கோழி பார்ப்பார். மாட்டுச் சாணத்தில் புழு முட்டை பார்க்க அவரிடம் மைக்ராஸ்கோப் உண்டு என்பது ஞாபகம் வந்தது. அடுத்த நாள் விடியற்காலை இங்க் ஃபில்லரோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவது டர்க்காய்ஸின் நூல் அறுந்தது. அடியில் விழுவதற்குள் உறிஞ்சி, குட்டி பாட்டிலில் விட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மீனோடதா?" என்று இரண்டு தடவை கேட்டார். மீன் என்ன விலை என்றும் கேட்டார். ஒன்று 900 ரூபாய் என்றதும் வெளியே நின்ற ஆட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் திருகிவிட்டு, "கோழியில நிறையப் பாத்திருக்கேன், இது அதே ஜாதி. வந்து பாருங்க சார்" என்றார்.

மங்கலான சளிக்கு நடுவே பழுப்பாக ஒரு சின்ன எலுமிச்சம்பழம். இரண்டு முனையிலும் தக்கை வைத்து அடைத்த மாதிரி கண்ணாடித் துண்டு. பக்கத்தில் இன்னும் நான்கு. கேப்பிலேரியாவின் முட்டை என்றார். மயிரிழை போன்ற உருண்டைப் புழு, குடலில் இருக்கும். முட்டை மலத்தோடு அடியில் விழும், அதை மற்ற மீன்கள் கொத்தித் தின்னும். "ஹெக்ஸாமிட்டா இல்லையா டாக்டர்?" என்றேன். "இருந்தாலும் இதுல தெரியாது. அது நீந்துற உயிர், நீங்க பாட்டிலைக் கொண்டாரதுக்குள்ள செத்துக் கரைஞ்சிருக்கும். முட்டை எங்கயும் போகாது."

பூச்சி மருந்தை இரையில் கலந்து கொடுப்பதுதான் நல்லது. ஆனால் தின்னாத மீனுக்கு எப்படி? அதனால் முதலில் தண்ணீரில் லெவமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆட்டுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். 150 மில்லிகிராம் மாத்திரை மூன்று, என் 220 லிட்டருக்குச் சரியாக இருந்தது. அடியிலிருந்த மணலை முழுக்க வாரி வெளியே கொட்டினேன். பாதித் தண்ணீர் மாற்றி, ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்து, ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போட்டு, மருந்தைக் கரைத்து விளக்கை அணைத்தேன். வெளிச்சத்தில் அதன் வீரியம் குறையும் என்பதால் தொட்டியைப் போர்வையால் மூடியும் வைத்தேன்.

லெவமிசோல் புழுவுக்கு வாதம் வரவைக்கும். பிடி விட்டுப்போய்க் கழிவோடு வெளியே வரும். அதனால் 24 மணி நேரம் கழித்துச் செய்கிற சைஃபன் வேலைதான், அதாவது அடிக்கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுப்பதுதான், பாதி வைத்தியம். உறிஞ்சியதை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்த்தேன். சளித் துணுக்குகளுக்கு இடையில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறைவாக, வெள்ளை முடி மாதிரி இரண்டு கிடந்தன. ஈர்க்குச்சியால் தொட்டேன். அசையவில்லை.

நான்காம் நாள் இரண்டாவது டர்க்காய்ஸ் இரையைத் துப்பாமல் விழுங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சுற்று எதற்கு என்று தோன்றியது உண்மை. ஆனால் மருந்து முட்டையைத் தொடாது, மிச்சம் இருக்கிற முட்டை பொரித்தால் மறுபடி முதலிலிருந்து என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். 15ஆம் நாள் அதே அளவு, அதே போர்வை, அதே சைஃபன். இடைப்பட்ட நாட்களில் காலையும் மாலையும் அடியைத் துடைத்தெடுத்தேன்.

இரண்டு வாரம் விட்டு, எல்லா மீனும் தின்ன ஆரம்பித்த பிறகு ஃபென்பெண்டசோல் என்கிற இன்னொரு பூச்சி மருந்து. இது தண்ணீரில் கரையாது, தொட்டியில் கொட்டினால் மாவு மாதிரி படியும். 150 மில்லிகிராம் மாத்திரையை நைசாகப் பொடித்து, 60 கிராம் பீஃப் ஹார்ட் (மாட்டு இதயம்) விழுதில் ஜெலட்டினோடு பிசைந்து, ஃப்ரிட்ஜில் வைத்து, சின்னத் துண்டுகளாக 3 நாள் கொடுத்தேன். ஃப்ரிட்ஜில் எந்தத் தட்டு என்பதில் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது, அது தனிக் கதை.

பிஜியன் ப்ளட் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று நினைத்தேனே, அவற்றின் மலத்தையும் லெவமிசோல் முதல் சுற்றுக்கு முன்பே கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். அதிலும் முட்டை இருந்தது.

கடைசித் தகட்டில் எதுவும் இல்லை. இரண்டாவது டர்க்காய்ஸுக்கும் விழுந்திருந்த நெற்றிக் குழி நிரம்ப இரண்டு மாதம் ஆனது. ட்யூபிஃபெக்ஸை நிறுத்திவிட்டேன். போன மாதம் வாங்கிய இரண்டு மீன்கள் மொட்டை மாடி அறையில் தனி டப்பில் இருக்கின்றன, இங்க் ஃபில்லரும் அங்கேதான். "மறுபடியும் மீன் கக்காவா?" என்று டாக்டர் வாசலிலேயே கேட்கிறார்.