கோடு போடும் முன் ஆச்சியிடம் கேளுங்கள்

எங்கள் தெருவைப் புதுப்பிக்கும் வரைபடத்தை நேற்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். "என்னய்யா, வாறுகாலை இங்கன கொண்டு போறாங்க? தண்ணி அந்தப் பக்கம்லா ஓடும்" என்றார். வாறுகால் என்றால் தெருவோர வடிகால். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஏறிய உயரத்தைச் சுவரில் கை வைத்துக் காட்டினார். இடுப்புக்கு மேல். அளவெடுக்க வந்த யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை.

கேட்க வழி இருக்கிறது. கிராம சபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கியது. நம் திருநெல்வேலி மாநகராட்சியின் 55 வார்டுகளுக்கும் அது உண்டு. பூ விற்கிற அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார், வாடகை வீட்டுக்காரர்கள், எல்லோரும் வரவேண்டும். டெண்டர் விட்ட பிறகு பேசி என்ன பயன்?

அடுத்த கூட்டத்துக்கு ஆச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறேன். நீங்களும் வாங்க.