தாடை மூட்டுக்கு ஒரு சாரக்கட்டு: ஆய்வக நாட்குறிப்பு

மார்ச் 3

சி.டி. ஸ்கேனிலிருந்து எடுத்த கான்டைல், அதாவது கீழ்த்தாடையின் மேல்முனையில் காதுக்கு முன்னால் அசையும் அந்தக் குமிழ், இன்று அச்சாகி வந்துவிட்டது. அகலவாட்டில் சுமார் 20 மி.மீ., உடலில் மெல்லக் கரையும் பிளாஸ்டிக்கான பாலிகேப்ரோலாக்டோனில் செய்தது. செல்கள் ஒட்டி வளர்ந்து எலும்பாவதற்கான, துளைகள் நிறைந்த சாரக்கட்டு இது. வடிவம் இப்போதெல்லாம் கஷ்டமே இல்லை. உள்ளே செல்களைப் பிழைக்க வைப்பதில்தான் உயிர் போகிறது.

மார்ச் 4

காய்ந்த பாலிமரை அப்படியே கரைசலில் போட்டால் நுண்துளைகளில் காற்று சிக்கிக்கொள்ளும், செல்கள் அந்த இடங்களுக்குப் போகவே போகாது. அதனால் முதலில் எத்தனாலில் நனைத்து வெற்றிடத்தில் வைத்தோம். பொடிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பி வந்துகொண்டே இருந்தன, கடைசிக் குமிழி நிற்கும்வரை யாரும் நகரவில்லை. அப்புறம் கழுவி, எலும்பாக மாறக்கூடிய எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை விட்டோம். பாதித் துண்டுகள் சாதாரணக் கிண்ணத்தில், பாதி பயோரியாக்டரில், அதாவது கரைசலை ஓட்டிக்கொண்டே செல்களை வளர்க்கும் கருவியில்.

மார்ச் 11

புதிதாகச் சேர்ந்த மாணவி, இவ்வளவு மெதுவாக ஏன் போக வேண்டும் என்று கேட்டாள். புரோபிளாஸ்ட்-டெஃப்லான் கதையைச் சொன்னேன். 1980களில் இந்த மூட்டின் டிஸ்க்குக்கு, அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டுக்கு, பதிலாக வைத்த பொருள் அது. மெல்லும் அழுத்தத்தில் நைந்து துகள் துகளாக உதிர்ந்தது, துகள்களை எதிர்த்து உடல் கிளம்பியதில் சுற்றியிருந்த எலும்பே அரித்துப்போனது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதைத் திரும்பப் பெற வைத்தது. வலி தீரும் என்று நம்பி வந்தவர்கள் முன்பைவிட மோசமான தாடையோடு வாழ வேண்டியிருந்தது. இந்தத் துறைக்கு வரும் யாரும் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

மார்ச் 26

துண்டுகளை வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தோம். உயிருள்ளது பச்சை, செத்தது சிவப்பு. கிண்ணத்தில் வளர்ந்தவற்றில் ஓரம் மட்டும் பச்சை வளையமாக இருந்தது, நடுவில் சிவப்புப் புள்ளிகளும் வெற்றிடமும்தான். ரத்தக்குழாய் இல்லாத இடத்தில் ஆக்ஸிஜன் 200 மைக்ரான் (0.2 மி.மீ.) ஆழம் போனாலே அதிகம், வேறென்ன எதிர்பார்க்க முடியும்? பயோரியாக்டரில் கரைசலைத் துளைகள் வழியாகவே பம்ப் செய்து ஓட்டுவதால் நடுப்பகுதியும் பச்சையாக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோர்தானா வுன்யாக்-நோவாகோவிச்சின் குழு 2010இல் கான்டைல் வடிவ எலும்பை வளர்த்துக் காட்டியதும் இந்த வழியில்தான், செல் நீக்கிய எலும்பைச் சாரக்கட்டாக வைத்து. படித்து எத்தனையோ வருடமாகிறது, கண்ணெதிரே பார்க்கும்போது சந்தோஷம் வேறு மாதிரி.

ஏப்ரல் 2

எலும்புப் பகுதி சரி, குமிழை மூடும் குருத்தெலும்பு உறைதான் கவலை. முழங்கால் குருத்தெலும்பில் இரண்டாம் வகைக் கொலாஜன் என்ற புரதம் மிகுதி, இங்கே முதல் வகை, நார் மிகுந்த திசு. வாயைத் திறக்கும்போது கான்டைல் சுழல்வதோடு முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது, ஆகவே அழுத்தம் தாங்கினால் மட்டும் போதாது, உராய்ந்து இழுபடுவதையும் தாங்க வேண்டும். டிஸ்க்குக்குச் சாரக்கட்டே வேண்டாம் என்று திசு வளர்ப்பு ஆய்வாளர் அதனசியோவின் குழு 2018இல் விலா எலும்புக் குருத்தெலும்புச் செல்களிலிருந்து வளர்த்த திசுவைக் குட்டைப் பன்றிகளில் வைத்துக் காட்டியது. டிஸ்க்கின் மெலிந்த இடத்துக்கு அது அழகான வழி. ஆனால் குமிழே தேய்ந்துபோனவருக்குப் புது எலும்பு வரும்வரை பாரம் தாங்க ஏதாவது வேண்டுமே.

அடுத்த தொகுதியில் பம்பின் வேகத்தைக் கூட்டலாம் என்கிறார்கள். நான் வேண்டாம் என்றேன், ஓட்டம் அதிகமானால் ஒட்டியிருக்கும் செல்களே பிய்த்துக்கொண்டு போய்விடும். துளைகளை அகலமாக்கி அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.