பாளைக்கு ஞாயிறு இல்லை

அரசு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் சபையின் பெரியவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டால் ஆராதனைக்கு என்ன செய்வாய்? ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க வேண்டும் என்று பத்துக் கற்பனைகளைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்து வளர்கிற ஊரில் அது இயல்பான அக்கறையே. என் அம்மா மட்டும் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. அதற்கான விடையை அவர் எனக்கு முன்பே தம் வாழ்க்கையில் கண்டடைந்திருந்தார்.

எங்கள் ஊர், தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்தைச் சுற்றியுள்ள செம்மணல் தேரிக்காட்டுச் சிற்றூர்களில் ஒன்று. பரிசுத்த பவுலின் ஆலயத்தின் 192 அடி உயரக் கோபுரம் பனைகளுக்கு மேலே தலைதூக்கி நிற்பதை பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசையான எங்கள் விடிலியின் வாசலிலிருந்தே பார்க்கலாம். அப்பா பனையேறினார், அவர் இறக்கிய பதநீரை அம்மா காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கினார். பனைத்தொழிலில் ஏறுகிறவரின் உழைப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அது உயிரைப் பணயம் வைக்கிற உழைப்பு என்பதால் பேசவும் வேண்டும். ஆனால் அதே அளவுக்கு நெருப்பின் முன்னே நின்ற பெண்களின் உழைப்பு போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். கோடை வெயிலில், ஓலை வேய்ந்த தாழ்ந்த குடிசைக்குள், காய்ந்த ஓலையையும் உடைமுள்ளையும் தள்ளித் தள்ளி மணிக்கணக்கில் தீ எரிக்க வேண்டும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட வேண்டும். நீராக இருந்தது பாகாகி, பாகு இறுகிப் பதம் வரும் நேரத்தில் கையை எடுக்கவே முடியாது. பதம் தப்பினால் அன்றைய பாடு முழுவதும் வீண். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுவார்.

பருவம் தொடங்கிவிட்டால் இந்த வேலைக்கு விடுமுறை கிடையாது. பனையின் பூங்குலையான பாளையை நாள்தோறும் சீவினால்தான் பதநீர் சுரக்கும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு குறைந்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், இல்லையேல் புளித்துவிடும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையும் அப்பா ஏறினார், அம்மாவும் அடுப்பு மூட்டினார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்தும் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் பருவத்துக்குள்ளேயே வருவதால், நாங்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் பரிசுத்த நாள்கள் வேலை மிகுந்த நாள்களாகவும் இருந்தன.

இதை அம்மா இரண்டு வழிகளில் எதிர்கொண்டார். முதலாவது, ஞாயிற்றுக்கிழமைப் பதநீரில் கிடைக்கும் கருப்பட்டியில் ஒரு சிரட்டையும் விற்கமாட்டார். அதைத் தனி ஓலைப்பெட்டியில் சேர்த்து வைத்து ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடுவார். அந்த நாளில் செய்த உழைப்பு எங்களுக்காகச் செய்ததன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார், கையில் காசில்லாத வாரங்களிலும். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்துப் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கொடுத்ததும் அதே உறுதியோடுதான்.

இரண்டாவது, பக்கத்து விடிலி அத்தை. அவர் முத்தாரம்மன் பக்தை. எங்கள் ஆலயத்தில் ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிக்கும் நேரத்தில் அம்மாவின் தாழி கொதித்துக்கொண்டிருந்தால், அத்தை வந்து அகப்பையை வாங்கிக்கொள்வார். அம்மா முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு ஓடுவார். புரட்டாசியில் குலசேகரப்பட்டினத்துத் தசராவுக்கு மாலை போட்டு அத்தை விரதமிருந்த நாள்களில், அவர் வீட்டு ஆடுகளும் பிள்ளைகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். இருவரும் ஒருவர் நம்பிக்கையைப் பற்றி மற்றவர் விவாதித்து நான் கேட்டதில்லை. ஒருவர் வழிபாட்டுக்கு மற்றவர் நேரம் உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அரிக்கேன் விளக்கைச் சுற்றி நடக்கும் குடும்ப ஜெபத்தில், வேதத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசிப்பார். தொண்ணூற்றிரண்டாம் சங்கீதம் அவருக்கு மிகவும் பிடித்தது. நீதிமான் பனையைப்போல் செழிப்பான் என்று சொல்லும் அந்தச் சங்கீதத்தின் தலைப்பு, ஓய்வுநாளின் பாட்டு என்பதாகும். ஓய்வுநாளின் பாட்டுக்குள்ளேயே பனை நிற்கிறது என்பதை எங்களுக்குக் காட்டியபோது அம்மாவின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. வாசிப்பு முடிந்ததும் ஊரிலுள்ள பனையேறிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்கள் கைக்கும் காலுக்கும் பாதுகாப்புக் கேட்டு ஜெபிப்பார். அப்பாவின் பெயர் அந்த வரிசையில் கடைசியில்தான் வரும்.

என்னை மெஞ்ஞானபுரத்துப் போர்டிங்கில் சேர்த்தவரும் அவரே. நர்சிங் படிக்க அனுப்பியவரும் அவரே. பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று உறவினர் தயங்கியபோது, 1780-இல் எழுதப்பட்ட திருநெல்வேலிச் சபைப் பதிவேட்டின் முதல் பெயரே குளோரிந்தா என்னும் ஒரு விதவையின் பெயர்தான் என்பதை அவர் எடுத்துச் சொன்னார். பெண்கள் சங்கக் கூட்டத்தில் கேட்ட அந்தச் செய்தியை எப்போது எடுத்து வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையில் எனக்கு வார்டு ஒதுக்கப்பட்டபோது, அம்மாவின் ஜெபத்தில் பெயராகக் கேட்டவர்களைப் போன்றவர்களைப் படுக்கையில் கண்டேன். பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள். அத்தகைய நோயாளியை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால், வலி உணராத அந்த உடலில் படுக்கைப்புண் வந்துவிடும்; புண் எலும்புவரை இறங்கிச் சீழ் வைத்து, விழுந்ததில் பிழைத்தவரைக்கூடக் கொன்றுவிடலாம். பெரிய மருந்தோ கருவியோ தேவைப்படாத, ஆனால் ஒரு முறையும் விடக்கூடாத வேலை அது. ஊசிக்கோபுரத்துக் கோயிலில் ஆராதனை நடக்கும் நேரத்தில் நான் வார்டில் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பேன். முதல் ஈஸ்டருக்கு ஊருக்கு வர முடியவில்லை என்று நான் கலங்கியபோது அம்மா சொன்னார்:

“ஏட்டி, பாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரியுமா? சீக்காளிக்கு மட்டும் தெரியவா செய்யும்? நீ வேலையப் பாரு. உனக்கும் சேத்து நான் கோயிலுக்குப் போறேன்.”

அது வெறும் ஆறுதல் மொழியன்று. விட முடியாத வேலையைக் கடவுளுக்கு வெளியே நிறுத்தாமல் வாழ்ந்தவர் தம் வாழ்க்கையை எனக்குச் சொன்ன சொல் அது. அதன்பின் ஞாயிறு டூட்டி எனக்குப் பாரமாக இருந்ததில்லை. வார்டின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கிறிஸ்துமஸ் இரவை இந்துத் தோழியரும் தீபாவளி, பொங்கல் நாள்களைக் கிறிஸ்தவச் செவிலியரும் ஏற்றுக்கொள்ளும்படி பேசிப் பட்டியல் போட்டேன். பல மருத்துவமனைகளில் செவிலியர் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுதான் இது. எனக்கு அதைக் கற்பித்தது விடிலி.

ஒருமுறை அம்மா என்னைப் பார்க்க வார்டுக்கே வந்தார். உடன்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவர் படுத்திருந்தார். அம்மா அவர் மனைவியிடம், இப்போது பாளை சீவ ஆள் இருக்கிறதா, பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். கொண்டுவந்திருந்த கருப்பட்டியில் பாதியை அவர் கையில் கொடுத்தார். அரசு மருத்துவமனையில், வேறு தெய்வத்தை வணங்குகிற ஒருவரின் கட்டிலருகில் சத்தமாக ஜெபிக்கக்கூடாது என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. அந்த மனிதரின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்தும் எங்கள் குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயர் வந்தது. பக்தியின் ஆழத்தைப் பேச்சின் அளவால் மதிப்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த நிகழ்ச்சியைத்தான்.

முதுமையில், சொந்த வீட்டில், அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையில் பாடிய ஞானப்பாட்டைப் பக்கத்து விடிலி அத்தை புத்தகம் இல்லாமலே எங்களோடு சேர்ந்து பாடினார். அடுப்பின் முன்னால் அம்மா பாடக் கேட்டுக் கேட்டு அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

அதற்கு நெடுங்காலம் முன்பே அப்பா பனையேறுவதை நிறுத்தியிருந்தார். எங்கள் மரங்களில் பலவும் செங்கல் சூளைகளுக்குப் போய்விட்டன. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தபோது, எங்கள் பக்கத்தில் காப்பாற்றுவதற்கு மிஞ்சியிருந்தவை குறைவே. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை அம்மா நிறுத்தவில்லை. பருவம் முழுவதும், தம் கையால் காய்ச்சியபோது ஒரு ஞாயிற்றுக்குக் கிடைத்த அளவை விலைக்கு வாங்கி ஆலயத்தில் வைத்தார். இப்போது அதை என் தம்பி செய்துவருகிறான். சீனிப்பாகு கலக்காத கருப்பட்டி கிடைப்பதுதான் அவனுக்குச் சிரமமாக இருக்கிறது. அதற்காக, இன்னும் விடிலியில் தாமே காய்ச்சுகிற ஒரு குடும்பத்திடம் பருவம் தொடங்குமுன்பே பணம் கொடுத்து வைத்துவிடுகிறான்.