நிழல் சேர்த்தவுடன் காணாமல் போன ரயில் பாதை

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காக, சிங்கப்பூரில் எந்தச் சமூக மன்றத்துக்கு எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதைக் காட்டும் வரைபடத்தைப் பைத்தான் நிரல்வழி எஸ்விஜி (கோடுகளையும் வடிவங்களையும் குறிப்புகளாக விவரிக்கும் பட வடிவம்) கோப்பாக உருவாக்கினேன். கோடுகளும் நிலைய வட்டங்களும் சிக்கலின்றி அமைந்தன. பாதைகளுக்கு மெல்லிய நிழல் தர, வரைந்ததன் தோற்றத்தை மாற்றும் எஸ்விஜி வசதியான ஃபில்டரைச் சேர்த்தபோதுதான் தொல்லை தொடங்கியது.

வடகிழக்குப் பாதையின் ஊதாக் கோட்டில், சாய்ந்து செல்லும் பகுதிகள் நிழலோடு தெரிய, நேர்கிடையாகச் செல்லும் பகுதிகள் அடியோடு மறைந்துவிட்டன. உலாவி ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை. எரிச்சலூட்டியது அந்த மௌனமே. ஃபில்டர் செயல்படும் பரப்பு, வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், பொருளைச் சுற்றிய கட்டத்தின் விகிதத்தில் கணக்கிடப்படுகிறது. அந்தக் கட்டம் கோட்டின் தடிமனைக் கணக்கில் கொள்வதில்லை என்பதால், நேர்கிடைக் கோட்டின் உயரம் பூஜ்யமாகி, கோடே வரையப்படாமல் போகிறது. ‘ஃபில்டர்யூனிட்ஸ்’ பண்புக்கு ‘யூசர்ஸ்பேஸ்ஆன்யூஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்து, பரப்பை வரைபடத்தின் அளவிலேயே குறிப்பிட்டதும் ஊதாக் கோடு முழுமையாகத் திரும்பியது. நிழலின் ஓரம் கத்தரித்தாற்போல் நறுக்கப்படுவதும் இதனால் நின்றது. இயல்பான பரப்பு நான்கு புறமும் பத்து விழுக்காடுதான் கூடுதல் இடம் தரும். நிழலுக்கான மங்கலாக்கமோ, அதன் அளவைக் குறிக்கும் ‘எஸ்டிடி டீவியேஷன்’ மதிப்பைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம் பரவும்.

நிறத்திலும் ஒரு பொறி உண்டு. பயன்படாத பாதைகளை நிற மதிப்புகளை எண் அட்டவணையால் மாற்றும் நிற அணி ஃபில்டரால் பாதியளவு வெளிறச் செய்தபோது, 0 முதல் 255 வரையிலான அளவில் 128 வர வேண்டிய கறுப்பு 188 ஆகிக் கண்ணுக்கே தெரியாமல் வெளுத்தது. ஃபில்டர்கள் இயல்பாக திரையின் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிற அளவுக்குப் பதிலாக, ஒளியின் அளவுக்கு நேர் விகிதமான லீனியர் ஆர்ஜிபியில் கணக்கிடுவதே காரணம். ‘கலர் இன்டர்பொலேஷன் ஃபில்டர்ஸ்’ பண்பை எஸ்ஆர்ஜிபி என்று மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பிராஸ் பாசா வட்டாரத்து அச்சகம் ஒன்று எஸ்விஜி கோப்பைத் தானே பிடிஎஃப் ஆக்கி, நிழல்கள் அனைத்தையும் உதிர்த்துவிட்டு அச்சடித்துக் கொடுத்தது. அதோடு ‘பொங்கோல்’ என்ற நிலையப் பெயரில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிக் கிடந்தன. முகப்பிலிருந்த ஊழியர், தமிழ் வாசிக்கத் தெரியாதவர், எழுத்துகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன என்று சாதித்தார். ஃபில்டர் உள்ள எஸ்விஜியை அப்படியே அச்சுக்குத் தராதீர்கள். ஃபில்டர் பட்ட அடுக்கை ஏ3 தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில், அதாவது 4961க்கு 3508 படப்புள்ளிகளில், பிஎன்ஜி படமாக மாற்றி, எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத வெளிக்கோட்டு வடிவங்களாக்கி அதன்மேல் வைத்துக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தபோது நிழலும் வந்தது, பொங்கோலும் சரியாக வந்தது. மறு அச்சுக்கு முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.